ஈரம் காயும் முன்

புருஷன் சின்னுசாமியின் தாடையைத் துண்டுக் கிழிசலால் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது சௌந்திரத்தின் காதில் டிராக்டர் சத்தம் விழுந்தது. டிராக்டர்காரன் தமிழரசுவை வரச் சொன்னதே சின்னுசாமிதான். முந்தின சாயங்காலம் மழை ஓட்டுக் கூரையைத் தட்டத் தொடங்கியதுமே போன் போட்டு, "விடியக்காலம் வந்துரு சாமி, ஈரம் காயறதுக்குள்ள கடலை வெதைச்சுப் போடோணும்" என்றார். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

முடிச்சைப் பிடித்திருந்த கண்ணாத்தாள் கையை எடுக்கவில்லை. செத்தவருக்கு அக்கா, சௌந்திரத்துக்கு நங்கை முறை; எண்பதை நெருங்கியவள்.

"அழுதராத சௌந்திரம். தீட்டுன்னு ஆயிட்டா காரியம் முடியற வரைக்கும் காட்டுல யாரும் கால் வெக்க மாட்டாங்க. ரெண்டு வருசத்துக்கப்பறம் பேஞ்ச மழை. மத்தியானத்துக்குள்ள வெதைச்சுட்டு அப்பறமாச் சொல்லிக்கலாம்."

"பெத்த பையனுக்குக் கூடவா சொல்லக்கூடாதுங்க?"

"மோகனுக்குந்தான். எங்கப்பன் செத்தப்ப அப்படித்தான் பண்ணுனோம். அன்னைக்கு வெதைச்சதத் தின்னுதான் அந்த வருசம் உசுரு பொழைச்சோம்."

அது பொய்யில்லை. மூன்று வருஷம் காய்ந்து கிடந்த காடு. அப்பனைப் பாயில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, பதினைந்து வயசு அக்காளையும் ஒன்பது வயசுத் தம்பியையும் ஏருக்குப் பின்னால் அனுப்பினார்கள். அழுதால் வழியில் போகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இருவரும் வாயை மூடிக்கொண்டு, உழவுச் சாலில் ஒவ்வொரு கடலையாகப் போட்டுக்கொண்டே போனார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சின்னுசாமி சௌந்திரத்திடம் அதைச் சொன்னார். ஆயுசு முழுக்கக் கடலை வெள்ளாமை செய்தவர் ஒரு பருப்பை வாயில் போட்டு அவள் பார்த்ததில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது.

"ஏனுங் மாமா, நேத்து போன்ல அந்தப் பற பறந்தீங்க, இன்னும் எந்திரிக்கலீங்களா?"

கண்ணாத்தாள் சௌந்திரத்தின் முழங்கையைப் பற்றினாள். "நாலு மணி நேரந்தான் சாமி."

"அன்னைக்கு வெதைச்ச அந்த நாலு மணி நேரம் இவருக்குக் கடைசி வரைக்கும் முடியவேயில்லீங்க, நங்கை."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு சௌந்திரம் வெளியே வந்தாள்.

"வண்டிய நிறுத்து தமிழரசு. உங்க மாமா போயிட்டாரு."

இன்ஜின் அடங்கியது. சங்ககிரி லாரி ஆபீசில் இருக்கும் மகனுக்குப் போன் செய்ய அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கண்ணாத்தாளின் அழுகை கிளம்பியது. தம்பி பேரைச் சொல்லித்தான் அழுவாள் என்று சௌந்திரம் நினைத்திருந்தாள்.

"அப்பா... எங்கப்பா..."

சௌந்திரம் போனை இடுப்பு மடியில் செருகிக்கொண்டு, உள்ளே போய் நங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தமிழரசு விதைச் சாக்கை ஓரமாக நகர்த்திவிட்டு வாசலில் பந்தலுக்கு இடம் ஒதுக்கினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காட்டில் செம்மண் வரப்போரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.