நாலு வாய்ச் சோறு

பதுளை பஜாரில் இத்ரூஸின் புடவைக்கடைக்குள் கால் வைக்காதவர்கள்கூட இத்ரூஸின் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். முஸ்லிம் கலியாண வீடுகளில் ஒரு சஹனுக்கு ஆறு பேர். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியைப் பரப்பிப் பாயில் வைப்பார்கள். ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் உண்ண வேண்டும். இத்ரூஸ் உட்கார்ந்த சஹனில் அந்த ஒழுங்கு செல்லுபடியாகாது. தன் பக்கத்தை முடித்துவிட்டு இரண்டு பக்கமும் எல்லை தாண்டுவார். அவர் பந்தலுக்குள் நுழைவதைக் கண்டதும், வெற்றிலை வாங்கப் போவதுபோல் எழுந்து நழுவியவர்கள் உண்டு.

நழுவாத ஒரே ஆள் ஸஹாப்தீன். மருந்துக்கடைக்காரர். இருவரும் ஒரே குர்ஆன் ஓதப்பள்ளியில் பிரம்படி வாங்கியவர்கள். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் இத்ரூஸின் வலது பக்கம் ஸஹாப்தீன்தான். பாதிச் சோறு பறிபோனாலும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நாற்பத்தெட்டு வயதில் இத்ரூஸ் இருநூற்றெண்பது இறாத்தல் இருந்தார். கடைப் படி மூன்றை ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். இப்படியே போனால் இரண்டு வருஷம் தாண்டாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். கொழும்பில், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒரு சர்ஜன் வயிற்றில் பெரும் பகுதியைத் தைத்து மூடிவிட்டு, ஒரு கோழிமுட்டை கொள்ளும் இடத்தை மட்டும் மிச்சம் வைக்கிறாராம். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு இத்ரூஸ் அந்த மேசையில் போய்ப் படுத்தார். கூட இருந்தவர்கள் மனைவி நபீலாவும் ஸஹாப்தீனும்தான்.

வயிறு சுருங்கினால் ஆசையும் சுருங்கிவிடும் என்று அந்த அப்பாவி மனிதர் நினைத்திருந்தார். கத்தி வயிற்றைத்தான் தொட்டது, நாக்கை விட்டுவிட்டது. முதல் மாதம் கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர். இரண்டாம் மாதம் அரைக் கோப்பைக் கஞ்சி. மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்து இங்கிலீசில் ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது.

பஜாரில் யாருக்கு இங்கிலீஸ் கடிதம் வந்தாலும் அது ஸஹாப்தீனின் மருந்துக்கடைக்குத்தான் போகும். வரி அலுவலகக் கடிதமாகட்டும், லண்டனில் இருக்கும் மகனுடைய தந்தியாகட்டும், அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி முதலில் தனக்குள் வாசிப்பார், பிறகு விஷயத்தைத் தமிழில் சொல்வார். அவர் சொன்னதை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது அவரை அவமதிப்பதற்குச் சமம். அன்று நபீலா காலையிலேயே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். பகல் இத்ரூஸ் போனபோது ஸஹாப்தீன் அதை ஏற்கெனவே வாசித்து மடித்து வைத்திருந்தார்.

"என்னடா எழுதீக்கிறாரு?"

ஸஹாப்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மச்சான், மனசத் தேத்திக்க. இனி ஹயாத்து உள்ள வரைக்கும் கஞ்சிதானாம். கலியாணம் கந்தூரியில வேணும்னா நாலு வாய். அஞ்சாவது வாய் போனா உள்ளுக்குள்ள தையல் விட்டுடுமாம்."

இத்ரூஸ் ஒரு மருந்துப் போத்தலை எடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்தார். பிறகு, "நாலு வாய்னா நாலு வாய்," என்றார். கடைக்குத் திரும்பி, கல்லாவுக்குக் கீழே குனிந்து, யாரும் பார்க்காதபடி அழுதார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். பதினொரு மணிக்குப் பக்கத்து ஹோட்டலில் இறைச்சிக் கறி கொதிக்கத் தொடங்கும். அந்த வாசனை ஓடுகிற பக்கமெல்லாம் மனிதருடைய மூக்கும் ஓடும். உடனே சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடப்பார். வாயில் ஒரு துண்டு கறுவாப்பட்டை. அதன் காரம் தீர்வதற்குள் வாசனை அடங்கியிருக்க வேண்டும், அடங்காவிட்டால் இன்னொரு நடை. நமுனுகுலத் தோட்டத்திலிருந்து சீத்தைத் துணி எடுக்க வரும் செபஸ்தியம்மா, "மொதலாளி எளச்சுப் போயிட்டீங்களே, ஒரு ரொட்டி தின்னுங்க," என்று தேங்காய் ரொட்டியும் சம்பலும் நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பார்: "சம்பலுக்கு மாசிக் கருவாடு போட்டியா?" அவள் விவரமாகச் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு முறை வழுக்கினார். அடுப்படியில் மூடி வைத்திருந்த வட்டிலப்பத்தில், அந்தக் கருப்பட்டி இனிப்பில், இரண்டு கரண்டி. கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, தரையிலேயே படுத்துவிட்டார். நபீலா தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விசிறினாள். அதன் பிறகு அவர் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

கலியாண வீடுகளில்தான் வேடிக்கை. முன்பு நழுவிய அதே ஆட்கள் இப்போது, "நானா, இங்க வாங்க, எங்கட சஹனுக்கு வாங்க," என்று அண்ணன் முறை சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாலு வாயோடு எழுந்துவிடும் ஆள் சஹனில் இருந்தால் மற்ற ஐவருக்கும் கொண்டாட்டமல்லவா? ஆனால் இத்ரூஸுக்கு வலது பக்கம் ஸஹாப்தீன் வேண்டும். இத்ரூஸின் கை சோற்றுக்குப் போகப் போக அவர் மெதுவாக எண்ணுவார். நாலாவது முடிந்ததும் மணிக்கட்டை மெல்லத் தொடுவார். அந்தத் தொடுதலில்தான் இத்ரூஸின் உயிரே தங்கி நின்றது. தனியாக இருந்தால் செத்திருப்பேன், இவன் என்னைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று நபீலாவிடம் அடிக்கடி சொல்வார். அப்போதெல்லாம் அவள் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒன்பதாம் மாதம் கொழும்புக்குப் போய்க் காட்ட வேண்டியிருந்தது. ஸஹாப்தீனுக்குக் காய்ச்சல். இத்ரூஸ் தனியாகப் போய்ச் சேர்ந்தார். சர்ஜன் அவரை மேலும் கீழும் பார்த்தார். தோல் தொங்கியது, தலைமயிர் கொட்டியிருந்தது, நகம் வெளுத்திருந்தது. என்ன சாப்பிடுகிறீர் என்று சிங்களத்தில் கேட்டார். இத்ரூஸ் பெருமையோடு சொன்னார்: "நீங்கள் எழுதிய மாதிரியே. கஞ்சி. விசேஷத்தில் நாலு வாய். ஒரு வாய்கூட மீறியதில்லை."

சர்ஜன் ஃபைலைத் திறந்து கடிதத்தின் பிரதியை எடுத்தார். விரலை வைத்து வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னார். மூன்றாம் மாதத்திலிருந்து எல்லாமே சாப்பிடலாம். சோறு, மீன், இறைச்சி, முட்டை. ஒரு சின்னத் தட்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, நன்றாக மென்று. இனிப்பை மட்டும் விலக்க வேண்டும். வயிறு போதும் என்று சொல்லும்போது நிறுத்த வேண்டும். "கஞ்சி என்று நான் எங்கே எழுதினேன்? யார் ஐயா உமக்கு இதை வாசித்துச் சொன்னது?"

மறுநாள் காலை ரயிலில் பதுளை வரும் வரைக்கும் அந்தக் கேள்விதான் கூட வந்தது. ஹப்புத்தளையில் வடை விற்பவன் ஜன்னலுக்குள் கூடையை நீட்டினான். வாங்கலாம், தின்னலாம், தடையில்லை. இத்ரூஸ் வாங்கவில்லை. ஆறு மாதத்தை விரல் விட்டு எண்ணினார். எத்தனை நாள் ஸ்டேஷனுக்கு நடந்தார், எத்தனை பந்தலில் மற்றவர்கள் எலும்பு உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தார். எதற்கு? சின்ன வயதிலிருந்து கூட இருந்தவன் ஒரு கடிதத்தைப் பொய்யாக வாசித்ததற்கு. எதிரி செய்திருந்தால் இரண்டு வசவோடு விட்டிருப்பார். இது பொறுக்கவில்லை.

மாலை ஸ்டேஷனிலிருந்து நேரே மருந்துக்கடைக்குப் போனார். காய்ச்சல் விட்டுச் சால்வை போர்த்தியபடி ஸஹாப்தீன் கல்லாவில் இருந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"கடுதாசில என்னடா எழுதியிருந்திச்சு?" இத்ரூஸின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. "திரும்ப ஒருக்கா வாசி. எல்லாருக்கும் கேக்க வாசி!"

ஸஹாப்தீனின் முகம் வெளிறியது. "மச்சான், உள்ளுக்கு வா, பேசுவோம்."

"உள்ளுக்கு என்னடா பேச? ஆறு மாசமா என்னப் பட்டினி போட்டீக்கிறாய். எண்ணி எண்ணிப் பட்டினி போட்டீக்கிறாய்! எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? சஹன்ல என்ட பங்கயும் சேத்துத் திங்கத்தானே? சோத்துக்கு அலையிற நாயி!"

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஸஹாப்தீன் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில், "ஊட்டுக்குப் போ, மச்சான்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் நபீலா அடுப்படியில் நின்றாள். இத்ரூஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் சொன்னது, கடிதத்தின் பிரதி, மருந்துக்கடையில் தான் ஏசிய ஏச்சு. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அவர ஆக்களுக்கு முன்னாலயா ஏசினீங்க?"

"பின்ன, முத்தமா குடுக்க?"

"அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு," என்றாள் நபீலா. "டாக்டர் எழுதினத அப்படியே சொல்லணும்னு நின்னாரு. நான்தான் அழுது கெஞ்சி அப்படிச் சொல்ல வச்சேன். ஒவ்வொரு மாசமும் வந்து, சொல்லிடுவோம், சொல்லிடுவோம்னாரு. நான்தான் சொல்ல உடல்ல."

உலகத்தில் இரண்டு பேரை இத்ரூஸ் நம்பினார். ஒருவனைச் சற்று முன்னால் ஆட்கள் மத்தியில் வைத்து நாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மற்றவள் இதோ நிற்கிறாள்.

"நீயா? நான் இங்க தரையில உளுந்து கெடந்தப்போ விசிறினியே. அப்பவும் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, புள்ள. நான் மீறினேனா? ஒரு வாய் மீறினேனா?"

"இந்த ஆறு மாசம் மீறல்ல." அவள் கறிச் சட்டியை மூடினாள். "அதுக்கு முந்தி? மூத்தவ பொறந்தப்போ சத்தியம் பண்ணினீங்க. நெஞ்சு வலிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ சத்தியம் பண்ணினீங்க. ஒங்கட வாப்பாட மையத்த அடக்க எடுக்கிறப்போ முன்னால நின்னு பண்ணினீங்க, ஏழாம் நாள் ஃபாத்திஹாவுல ரெண்டு சஹனக் காலி பண்ணிட்டு எழும்பி வந்தீங்க. நான் ஒவ்வொரு தடவையும் நம்பினேன். வயித்துல ஒரு புள்ள, இடுப்புல ஒரு புள்ளன்னு நின்னுக்கிட்டு நம்பினேன். 'போதும்னு தோணுறப்போ நிறுத்தணும்'னு டாக்டர் எழுதியிருந்தாராம். ஸஹாப்தீன் நானா அத வாசிச்சாரு. எனக்குக் கையும் காலும் ஓடல்ல. ஒங்களுக்கு எப்ப போதும்னு தோணியிருக்கு? நீங்க மவுத்தாகாம உசிரோட இருந்தாப் போதும்னு இருந்திச்சு எனக்கு."

இத்ரூஸிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. இந்த முறை உண்மையாகவே ஜெயித்தேன், நீ அதைத் திருடிவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்ன ஒன்றையும் பொய் என்று சொல்ல முடியாததால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நபீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னத் தட்டு ஒன்றை எடுத்து, பிள்ளைகளுக்கு ஆக்கிய சோற்றில் கொஞ்சம் வைத்து, இறைச்சிக் கறியை ஊற்றி, அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க. இனி நான் ஒண்டும் சொல்ல மாட்டேன்."

ஒன்பது மாதமாக நினைத்து நினைத்து ஏங்கிய தட்டு. இத்ரூஸ் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். சோற்றைப் பிசைந்தார். கை பாதி வழியில் நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"எத்தனை வாய், புள்ள?" என்று கேட்டுவிட்டார்.