விரலுக்கு மட்டும் தெரிந்தது

கடவுச்சொல் கேட்கும் கட்டம் இடமும் வலமுமாக ஆடியது. தப்பாகத் தட்டினால் இந்த மேக் கம்ப்யூட்டர் அப்படித்தான் மாட்டேன் என்று தலையாட்டும். என் மனைவி மறுபடி தட்டினாள். அது மறுபடி ஆட்டியது. வாங்கிய நாளிலிருந்து விரலை வைத்தாலே திறந்துகொண்ட இயந்திரம் இது. காலையில் தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டு அணைந்து எழுந்திருக்கிறது. அப்படி எழுந்தால் முதல் தடவை மட்டும் விரலை நம்பாதாம், கடவுச்சொல்தான் வேண்டுமாம்.

"அதே பாஸ்வேர்டுதாங்க. பழைய விண்டோஸ்ல வருஷக்கணக்கா அடிச்சது" என்றாள் கரகரத்த குரலில்.

படியிறங்கிய பிறகும் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். வீட்டு வரைபடம் போடுவது தொழில். ஊரார் வீட்டு லாக்கர் எந்தச் சுவரில் என்பது வரை அவள் கையில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்த அன்றே மேக்குக்கு மாற முடிவெடுத்தாள். "மேக்குக்கு வைரஸே வராதாமே" என்று நான் வாயைக் கொடுத்தேன். "அப்படி நம்பறவங்க வீட்டுக்குத்தான் முதல்ல வரும்" என்றவள், ஹார்ட் டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியை இயக்கினாள். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்து, கீழே தையல் கடைக்காரருக்குக் கொடுத்தாள். இணையத்தில் ஒரு பிரதி போட்டு வைக்கலாமே என்றால், "யார் வீட்டுப் பரணோ அது" என்றாள். கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்கென்று மேக் கொடுத்த நீளமான மீட்புச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தாள், அதே மேக்குக்குள். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

வரைபடங்கள் போனால் கட்டுபவர்களிடம் பிரதி இருக்கும். போகக்கூடாதது வேறு. பார்வை போய்விட்ட தன் அண்ணனுக்காக ஒரு துப்பறியும் நாவலை வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். முழுதும் முடித்துத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம். கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது தொண்டையில் அறுவை சிகிச்சை வந்தது. திரும்பி வந்த குரல் இந்தக் கரகரப்புதான். பழைய குரல் முழுசாக இருக்கிற ஒரே இடம் இந்தப் பெட்டிதான். இந்தக் கரகரப்போடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்தக் குரலும் எனக்கு வேண்டும்.

"சொல்லு, நான் மெதுவா அடிக்கிறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. "சொல்லத் தெரியலீங்க. விரலுக்குத்தான் தெரியும். இதோட கீபோர்டு தட்டையா இருக்கு, விரல் வழுக்குது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் கடவுச்சொல் வைத்தபோதுகூடப் பழக்கம் விடாமல் பழைய கீபோர்டைத்தான் இதில் சொருகியிருந்தாள். அதன் முனை மேக்கில் நேராக நுழையாது; அதற்காக இரவல் வாங்கிய இணைப்பானைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கீபோர்டு தையல் கடையில்.

மேக்கைத் தூக்கிக்கொண்டு கீழே போனோம். கடைக்காரர் ஒருவருக்குக் கோட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் குண்டூசியோடு கையை விரித்து நின்றார் அந்த ஆள். என் மனைவி தன் பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள்.

"எல்லாரும் சுவர் பக்கம் திரும்புங்க."

"எனக்கு எதுக்கும்மா உங்க பாஸ்வேர்டு?" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும் அண்ணே, திரும்புங்க."

திரும்பினோம், குண்டூசிக்காரர் உட்பட. கீபோர்டில் சத்தமே இல்லை. "கையப் பாத்தா வர மாட்டேங்குது" என்றாள், அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வீட்ல இத அடிக்கும்போது என்ன பண்ணுவே?"

சற்று யோசித்தாள். "உங்களத் திட்டிட்டே அடிப்பேன்."

"அப்ப திட்டு."

"சும்மா எப்படிங்க திட்டறது?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "போன வாரம் உன் வரைபடத்து மேல காப்பியக் கொட்டினது பூனை இல்ல. நான்தான்."

"அட பாவி மனுஷா! அந்தப் பூனைய ரெண்டு நாளா வீட்டுக்குள்ளயே விடலையே நான்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னீங்களா? கூடவே உக்காந்து ‘ச்சே, என்ன பூனை இது’ன்னு..."

தடதடவென்று எழுத்துகள் விழும் சத்தம் கேட்டது. திட்டு பாதியில் நின்றது.

"வந்துடுச்சு" என்றாள்.

பிறகு பக்கத்தில் விழுந்ததைப் பார்த்து, மேக்கில் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம். அது தலையாட்டியதா இல்லையா என்று பார்க்க முடியாமல் என் கழுத்து வலித்தது. கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன நஷ்டம் என்றே தெரியாது, பாவம்.

திடீரென்று கடைக்குள் ஒரு பெண் பேசினாள். தெளிவான, கொஞ்சம் குறும்பான குரல். பிணம் கிடந்த அறையின் சன்னல் ஏன் திறந்திருந்தது என்று கேட்டது.

"யாரும்மா அது பேசறது?" என்றார் கடைக்காரர்.

குரல் மட்டும் வாசித்துக்கொண்டே போனது. திரும்பலாம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. சாக்பீஸ் கோடு போட்ட துணிகள் தொங்கிய சுவரைப் பார்த்தபடி மூன்று ஆண்களும் கேட்டுக்கொண்டு நின்றோம். குண்டூசிக்காரர் விரித்த கையை இறக்கவேயில்லை.