இலையோடு போனது

குந்தியபடியே தொட்டி கழுவியதில் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். வெளிநாட்டுக்குப் பறவையும் தவளையும் அனுப்பும் கம்பெனியின் ஈர அறை அது. ஈரம் போகக்கூடாதென்று கதவை வெளியிலிருந்து பூட்டியிருப்பார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகுதான் திறப்பார்கள். இன்று, உடம்பு கண்ணாடி போலத் தெரியும் கண்ணாடித் தவளைகளில் ஒன்று குறைந்தது.

கதவிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சூப்பர்வைசர் சொன்னான்: "அக்கா, உங்க மருமகன் போன் பண்ணாரு. பொண்ணுக்கு வலி கண்டுடுச்சாம். சீக்கிரம் தவளையத் தேடுங்க, தொறந்துவிடறேன்."

"பெத்தவள உள்ள வச்சுப் பூட்டிட்டுத் தவளையத் தேடச் சொல்றியே, நீ வயித்துல பொறந்தியா, முட்டையில பொறந்தியா?" என்று கத்தினாள் கூடவே உள்ளே வேலை செய்யும் நாத்தனார். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான்.

கூண்டில் சோலைபாடிக் குருவி பாடிக்கொண்டிருந்தது.

"இதப் பாரு அண்ணி. இன்னொரு ஆண் குருவியோட குரலக் கேட்டு, சண்டைக்கு வரிஞ்சுகட்டிக்கிட்டு வந்து வலையில விழுந்துச்சாம். என்னை மாதிரி வாய். தவளை உன்னை மாதிரி. ரத்தத்தையெல்லாம் ஈரல்ல ஒளிச்சுவச்சுக்கிட்டு, இருக்கிற எடமே தெரியாமத் தூங்குது. மாட்டுனது என்னவோ ரெண்டும்தான்."

அவள் மூலையிலிருந்த குப்பைப் பையைப் பார்த்தாள். தவளை எங்கே என்று அவளுக்குத் தெரியும். காலையில் வாடிய இலைகளை மாற்றியபோது, ஒன்றின் அடியில் ஒட்டித் தூங்கியதைக் கவனிக்காமல் குப்பைப் பைக்குள் போட்டு அமுக்கிவிட்டாள். மத்தியானம் பையைக் கட்டும்போதுதான் பார்த்தாள், செத்திருந்தது. சொன்னால் வேலை போகும். வேலையோடு கம்பெனி கொடுத்த அறையும் போகும். பிள்ளை பெற்ற மகளை எங்கே கூட்டிவருவது? சொல்லாவிட்டால் கதவு திறக்காது. மகளுக்கு முதல் பிரசவம். ஊசிக்கே அலறுகிறவள். தன்னைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கத் தெரியாது.

பையை அவிழ்த்தாள். எட்டிப் பார்த்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி! நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன். என்னைத் துரத்துனா துரத்தட்டும்."

"நீ கொஞ்சம் சும்மா இருடி."

கதவைப் படபடவென்று தட்டினாள். சூப்பர்வைசர் வந்ததும் உள்ளங்கையை ஏந்திக் காட்டினாள்.

"நான்தான் தெரியாமக் குப்பையில போட்டுட்டேன். இந்தா இருக்கு. தொறப்பா."

அவன் குனிந்து பார்த்தான். தவளையின் உடம்பினூடே அவள் கைரேகை தெரிந்தது.

"செத்ததக் கணக்குல சேர்க்கமாட்டாங்கக்கா" என்றான். சாவி இருந்த சட்டைப்பைக்குள் போன கை வெளியே வரவில்லை. "முதலாளிக்கு இன்னும் ஒரு தவளை பாக்கி."