ஒரே ஊசி, இரண்டு ரத்தம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அக்காவின் வேலை. ஈரச் சக்கரத்தில் விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் இம்மி பிசகாமல் உட்கார வைப்பாள். முதலாளி மனைவியின் ஆபரேஷனுக்காகக் கடை ஆட்கள் ரத்தம் கொடுக்கப் போனபோது அவளும் போனாள். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருந்தது. ஈரலில் குடியேறும் வைரஸ்.

உடம்பில் வலியும் இல்லை, சோர்வும் இல்லை. எங்கே தொற்றியது என்று துருவித் துருவிக் கேட்டதில், கடைசியில் ஒரு பல் டாக்டரிடம் போய் நின்றது. பள்ளிக்கூட வயதில் அவளும் தங்கையும் ஒரே நாளில் அங்கே, ஒரே ஊசியால் மரத்துப்போக மருந்து போட்டு, பல் பிடுங்கிக்கொண்டார்கள். பின்னாலேயே தங்கைக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைத்ததே பெரிய விஷயம் என்றாகிவிட்டது. அக்காவுக்குத் தலைவலிகூட வரவில்லை. இப்போது தங்கையையும் சோதித்தார்கள். வைரஸ் வந்துபோன தடம் இருந்தது, வைரஸ் இல்லை.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ஊசி, இரண்டு முடிவுகள். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு டாக்டரம்மா விடுவாளா? இருவரிடமும் ட்யூப் ட்யூபாக ரத்தம் எடுத்தாள். முடிவு வந்ததும் உட்கார வைத்து விளக்கினாள்.

"வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கிற டி செல்கள் எல்லாருக்கும் உண்டு. அதுங்க எல்லை மீறாம அடக்கி வைக்க இன்னொரு வகை இருக்கு. ஒழுங்குபடுத்தற டி செல்கள்னு சொல்லுவோம். உங்களுக்கு அது ரொம்ப அதிகம். தங்கச்சிக்குக் கம்மி."

"அப்ப அதுங்கதான் வைரஸைக் காப்பாத்திச்சா?" என்றாள் அக்கா.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. வைரஸ் தங்கினதால அதுங்க பெருகியிருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லலாம், அடிதடி குறைஞ்சதால உங்க ஈரல் அதிகம் கெடாம தப்பிச்சிருக்கலாம்."

தங்கை கைகொட்டிச் சிரித்தாள். "ரத்தத்துலயும் அக்கா அக்காதான்! எதையும் பொறுத்துக்குவா!"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பேச்சு வீட்டுக்கு வந்தது. அக்காவின் கணவர் சொல்லிச் சிரித்தார், மாமியார் சொல்லிச் சிரித்தார். அக்காவும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். ஒருநாள் தங்கையின் அழகு நிலையத்துக்குள் நுழைந்தபோது, தங்கை ஒரு அம்மாளின் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அக்கா இருக்காளே, உள்ள வந்த கிருமிக்கும் நாற்காலி போட்டு உட்கார வச்சவ!"

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"நான் பொறுமைசாலின்னு யாருடி சொன்னா? நீ கத்தறப்ப நானும் கத்தினா வீடு வீடா இருக்குமான்னு யோசிச்சு வாயை மூடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். அந்தச் செல்லுக்கு என்னடி தெரியும்?"

கத்தரி நின்றது. முடி வெட்டிக்கொள்ள வந்த அம்மாள் கண்ணாடியில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருந்துச்சுக்கா," என்றாள் தங்கை மெதுவாக. "நான் படுத்து எழுந்துட்டேன். உனக்கு மட்டும் இத்தனை வருஷமா உள்ளேயே இருந்திருக்கு. சிரிச்சா சின்ன விஷயமாயிடும்னு நினைச்சேன்."

அக்காவின் கோபம் உடனே இறங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு வாரம் போன் செய்யவில்லை.

மாத்திரை மூன்று மாதம் ஓடியது. அது முடிந்து இன்னொரு மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் வைரஸ் இல்லை. டாக்டரம்மா நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, கணினியை இன்னொரு முறை பார்த்தாள்.

"அடக்கி வைக்கிற செல்கள் மட்டும் இன்னும் குறையல. போகப்போகக் குறையுமா, இப்படியேதான் இருக்குமான்னு எங்களுக்கே தெரியல. அடுத்த வருஷம் வாங்க, பார்ப்போம்."

தங்கை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தது. அக்காவைப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

"என் ரத்தமும் வேணுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள் தங்கை.

"ஒப்பிட்டுப் பார்க்க வேணும்."

ஊசியைக் கண்டால் மயங்குகிறவள் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.