டெல்பீன் துரத்திய கப்பல்

பக்கத்து வீட்டு டெல்பீனுக்கு நான்தான் காரோட்டி. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. அவள் மகன் காரெட் சரக்குக் கப்பலில் சமையல்காரன். நாற்பது வயது. பனி உருகியதும் கப்பலேறினால் ஆறு உறையும்போதுதான் வீட்டுக்கு வருவான். ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் மரீன் சிட்டியைக் கப்பல் கடக்கும்போது அவள் ஆற்றங்கரையில் நின்று கையாட்டுவாள், கேப்டன் அவளுக்காகவே கப்பல் சங்கை ஊதுவார். ஆறு உறையும்வரை அவர்களுடைய சந்திப்பு அவ்வளவுதான்.

போன வாரம் என் உயிரை எடுத்துவிட்டாள். காரெட் காய் நறுக்கிக்கொண்டேதான் போனில் பேசுவானாம். இப்போது கத்திச் சத்தமே கேட்கவில்லையாம். கையில் ஏதோ ஆகிவிட்டது, கேட்டால் சிரித்து மழுப்புகிறான் என்றாள். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் எரிந்து விழுந்தேன்.

நேற்று மதியம் கப்பல் வந்தது. பின்தளத்தில் காரெட் வலது கையில் போனோடு டெல்பீனிடம் பேசியபடி நின்றான். இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

“போனை வச்சிட்டு ரெண்டு கையையும் தூக்குடா,” என்று அதட்டினாள்.

கேப்டன் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவினான்.

“வண்டிய எடுடி,” என்றாள் டெல்பீன்.

ஆற்றோரச் சாலையில் கப்பலை முந்தினோம். அடுத்த ஊர்ப் பூங்காவில் இறங்கி, மூட்டுவலிக்காரி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றாள். கேப்டன் சங்கு ஊதினார். காரெட் வெளியே வரவில்லை. போதும், வீட்டுக்குப் போகலாம் என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? அப்படியொரு பிடிவாதத்தை நான் பார்த்ததே இல்லை. கையெடுத்துக் கும்பிடலாம்.

கடைசியாகப் போர்ட் ஹூரான் பாலத்தடி. அதைத் தாண்டினால் பெரிய ஏரி, அப்புறம் கப்பல் கரைப்பக்கமே வராது. காற்று ஆளைத் தள்ளியது. அவள் மறுபடி கைகளைத் தூக்கினாள்.

காரெட் கோட்டில்லாமல் வெளியே வந்தான். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கினான். இடது கையில் முழங்கைவரை கட்டு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

போன் அடித்தது. டெல்பீன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

“கொதிக்கிற எண்ணெய்மா,” என்றான். “ரொம்ப வலிக்குதும்மா.”

“சொல்லு கண்ணா, கேக்கறேன்,” என்றாள்.

கப்பல் ஏரிக்குள் போய்ச் சிறுத்து மறையும்வரை அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.