நாத்தனார் சேர்த்துவைத்த மீன்கள்

பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைப்பதில் நாத்தனாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பல வருஷம் முகம்பார்க்காத அண்ணன் தம்பியையும் ஒரே சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் மீன்காரி வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

மீன்காரி, நாத்தனாருடைய தம்பி மனைவி. மீன் விற்பவள் அல்ல, ஆராய்ச்சி செய்பவள். பட்டப்பெயர் வீட்டார் உபயம். அவள் ஆராய்ந்தது விரல் நீளம்கூட இல்லாத ஒரு பொடிமீனை. ஒரே ஓடையில், அருவிக்கு மேலேயும் அது இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. கீழே அதை விழுங்கப் பெரிய மீன்கள் உண்டு. அருவியைத் தாண்டி அவற்றால் மேலே வர முடியாது. அதனால் மேல்மீனில் ஆணுக்கு ஆரஞ்சுப் புள்ளி, எல்லாவற்றுக்கும் அலட்டல். கீழ்மீன் சாம்பல் நிறம், நிழல் பட்டாலே ஓட்டம்.

இந்தப் பயம் பிறவியிலேயே வருவது என்று மீன்காரி சாதித்தாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை நம்பவில்லை.

"எதிரியையே பார்க்காத குஞ்சுங்ககிட்ட வித்தியாசத்தைக் காட்டு. இல்லன்னா வேற தலைப்பு பாரு."

லேபில் மராமத்து வேலை நடந்ததால், வீட்டுப் பின்னறையிலேயே பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, நடுவே தடுப்புப் போட்டு, ஒரு பக்கம் மேல்மீன் குஞ்சுகளையும் மறுபக்கம் கீழ்மீன் குஞ்சுகளையும் வளர்த்தாள். இன்னும் நிறம் ஏறாததால் எல்லாமே ஒரே சாம்பல்.

பேராசிரியை வரும் நாளன்று காலை, நடுவே எதற்குத் தடுப்பு என்று நாத்தனார் கேட்கப்போக, "ரெண்டும் ஒரே சொந்தம்தான் அக்கா, அருவி பிரிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது தடுப்பு சுவரோரம் சாய்ந்திருந்தது.

"பாரு, எவ்வளவு ஒத்துமையா இருக்குதுங்க," என்றாள் நாத்தனார், பூரிப்போடு.

எது மேல், எது கீழ் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மீன்காரி திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். வாசலில் மணி அடித்தது, பேராசிரியை வந்துவிட்டார்.

"தடுப்பை எடுத்துட்டாங்க மேடம்."

"யாரு?"

"நாத்தனார்."

பேராசிரியைக்கும் நாத்தனார் உண்டு. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டபடி தொட்டியின்மேல் குனிந்தார். நிழல் தண்ணீரில் விழுந்தது.

பாதி மீன்கள் விட்டால் போதும் என்று மூலைப் பாசிக்குள் பாய்ந்தன. மீதிப் பாதி, தீனி வருகிறதென்று நினைத்து மேலே மொய்த்தன. பேராசிரியை நிமிர்ந்தார், கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்தன. மறுபடி குனிந்தார். மறுபடி பிரிந்தன. ஓடியவற்றை அவரே வலையால் அள்ளி வேறொரு தொட்டியில் விட்டார்.

"நிறம் வரட்டும், பாப்போம்."

அடுத்த சில வாரங்கள் மீன்காரி தொட்டியருகிலேயே கிடந்தாள். நிறம் வந்தது. ஓடாத கூட்டத்து ஆண்மீன்கள் ஆரஞ்சில் ஜொலித்தன. ஓடிய கூட்டம் சாம்பலாகவே இருந்தது, தவறிப்போய் அதில் சேர்ந்த ஒரேயொரு ஆரஞ்சுக்காரனைத் தவிர.

"எது எதுன்னு தெரிஞ்சு நீ காட்டியிருந்தா, உன் ஆசையில அப்படித் தெரியுதுன்னு நெனச்சிருப்பேன்," என்றார் பேராசிரியை. "ரெண்டு பேருக்குமே தெரியாம அதுங்களே பிரிஞ்சதால நம்பறேன். தலைப்பை மாத்த வேணாம்."

மீன்காரி நாத்தனாரைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள். நாத்தனாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "சேத்து வச்சேன், திரும்பப் பிரிச்சுட்டீங்களே."

அந்த ஆரஞ்சுக்காரன் சும்மா இருக்கவில்லை. அந்தத் தொட்டியில் புதுக்குஞ்சுகள் பிறந்தன. அவற்றில் சில தாய்மாதிரி மூலைக்குப் பாயவில்லை. மீன்காரி கையை நீட்டியதும் பாதி தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தன.

"இதுக்கு இன்னொரு ஆராய்ச்சியே பண்ணணும் போலிருக்கே," என்றார் பேராசிரியை.

மீன்காரி பதில் சொல்வதற்குள் நாத்தனார் போனை எடுத்து, குஞ்சு பிறந்த நல்ல சேதியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.