நீலம் வரும்வரை

1

காலை ஆறு மணிக்கு அருள்குமார் எழுகிறான். பல் துலக்குகிறான். ஓர் அடுப்பில் பால், மறு அடுப்பில் வாணலி. வாணலியில் சிலிக்கா ஜெல் மணிகள். ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகக் கிடப்பவை சூடேறினால் நீலமாகும். ஆறவைத்து டப்பாவில் அடைக்கிறான். அருங்காட்சியகங்களுக்குக் கண்ணாடிப் பேழை செய்கிறவன் அவன். பேழைக்குள் ஈரம் சேராமல் காப்பவை இந்த மணிகள்.

(ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று. இது கதையாகத் தொடங்கவில்லை. தொழில் சங்க மலருக்கு, 'வெளிநாட்டுக் கண்காட்சியில் என் அனுபவம்' என்று ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதுகிறவனும் அருள்குமார்தான். 'நான்' என்று தொடங்கினால் பேனா நகரவில்லை.)

2

முதல் தொடக்கம்: உலகெங்கும் அருங்காட்சியகங்களும் கலாசாரச் சுற்றுலாவும் பெரும் வணிகமாக வளர்ந்துவரும் இந்தத் தொண்ணூறுகளில் நம் கோவையும்—

வேண்டாம்.

இரண்டாவது: 1996, சிங்கப்பூர். அருங்காட்சியகங்களுக்கென்றே ஒரு சந்தை. விளக்கு விற்பவர்கள், டிக்கெட் எந்திரம் விற்பவர்கள், அரண்மனைகளைச் சுற்றிக்காட்டும் பயண நிறுவனங்கள். கோவை பீளமேட்டிலிருந்து ஒரு பேழை. கழுத்தில் மாட்டும் அட்டைகள் இரண்டு வந்திருந்தன. ஒன்றில் அவன் பெயர், மற்றதில் மனைவி புவனாவின் பெயர். புறப்படும் நாளன்று அவளுக்குக் காய்ச்சல்.

"போகாதீங்க" என்று அவன் கையைப் பிடித்தாள்.

(கையைப் பிடிக்கவில்லை. அப்படிச் சொல்லவும் இல்லை.)

3

இதுவரை வாசித்த பக்கத்து வீட்டு தாஜுன்னிசா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, புவனாவா இது? சினிமாக்காரியாட்டப் பேசறா! 'சாதாக் காய்ச்சலுக்கு நீங்க எதுக்கு, கெளம்புங்க'ன்னு உங்களத் தொரத்தி உட்டவளாச்சே."

"அவ தடுத்து, நான் மீறிப் போயிருந்தா, என்னையத் திட்டிக்கலாமுங்க்கா."

"இப்ப?"

"யாரத் திட்டறதுன்னே தெரியலைங்க."

அக்கா காகிதத்தை நான்காக மடித்தார். பிறகு பிரித்துக் கொடுத்தார்.

"சிங்கப்பூர்லிருந்து நீங்க போன் பண்ணுனது எங்க ஊட்டுக்குத்தான? நான் பக்கத்துலயேதான் நின்னேன். அவ என்ன சொன்னாளோ அத எழுதுங்க, தம்பி."

4

முடிவு அ: அவன் போகவில்லை. மருத்துவமனையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து—

முடிவு ஆ: இருவரும் போனார்கள். பேழைக் கண்ணாடியில் முகம் பார்த்து அவள் பொட்டைச் சரிசெய்ய—

இவற்றில் எது பிடிக்கிறதோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நடந்தது வேறு.

சந்தைக்கு முந்திய நாள் பேழையைப் பிரித்தான். மணிகள் எல்லாம் சிவந்து கிடந்தன. வறுக்காமலே அடைத்திருந்தான். எப்போதும் வறுப்பது புவனா. விடிந்தால் வாங்க ஆட்கள் வந்துவிடுவார்கள். அக்கா வீட்டு போனில் அவளைக் கூப்பிட்டான். காய்ச்சல் எப்படி என்று கேட்டான். தேவலை என்றாள். மணிகளை எப்படி வறுப்பது என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தாள். தமிழர்கள் கூடும் தேக்கா பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லைக் கெஞ்சி வாங்கி, அவள் சொன்னபடியே செய்தான்.

மறுநாள் பன்னிரண்டு பேழைகளுக்கு ஆர்டர் கிடைத்தது.* அன்று சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து போன்—

புவனாவைக் கொண்டுபோனது மூளைக் காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள்.

* மாதிரிப் பேழைக்குள் எதையாவது வைக்க வேண்டும். மற்றவர்கள் சிலை வைத்திருந்தார்கள். அவன் புவனாவின் அட்டையை வைத்திருந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

5

மலருக்கு ஒரு முடிவு வேண்டும். அவனிடம் அது இல்லை. போனில் அவள் கடைசியாகச் சொன்னது இருக்கிறது.

"தீயக் கம்மியா வெய்யுங்க. நீலம் வந்ததும் எறக்கிப்போடுங்க. கையச் சுட்டுக்காதீங்க."